சந்தனம் வைத்த போன்

ராகி மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் பேசினால் குரல் எதிரொலிக்காது. இதைக் கண்டுபிடித்தது நான். ஆனால் எங்கள் பாட்காஸ்டில் என் வீட்டுக்காரர் இதைத் தன் யோசனையாகச் சொன்னார். நான் "எதிரொலின்னா என்னாங்க?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். கேட்டவர்கள் கைதட்டும் படங்களை வரிசையாகப் போட்டுத் தள்ளினார்கள். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. குடும்பத்தில் இதெல்லாம் சகஜம்தானே என்று விட்டுவிட்டேன்.

பாப்பாரப்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் போன் கடை வைத்திருக்கிறார். புதுப் போன், பழைய போன், கவர், சார்ஜர், திரைக்குக் கண்ணாடி ஒட்டுவது எல்லாம் உண்டு. வியாபாரத்தில் கெட்டிக்காரர், வாய் ஜாலம் அதிகம். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். களி கிண்டும்போதும், துணி காயப்போடும்போதும் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வெளிநாட்டு பாட்காஸ்டுகள் கேட்பது என் பழக்கம். எந்தக் கம்பெனி என்ன போன் விடப்போகிறது, எந்த சிப் சூடாகித் தொலைக்கிறது, எந்தக் கடிகாரம் நாடித்துடிப்பைத் தப்பாகக் காட்டுகிறது என்று அவர்கள் சண்டை போடுவதைக் கேட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அதையே நம் ஊர்ப் பேச்சில் நாம் சொன்னால் என்ன என்று கேட்டதும் நான்தான்.

முதல் தடவை பதிவு செய்தபோது இரண்டு பேரும் மாறி மாறி விளக்கம் சொன்னோம். ஓசூரில் வேலை பார்க்கும் அவருடைய சிநேகிதர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு வாத்தியாருங்க ஒரே கிளாஸ்ல நிக்கற மாதிரி இருக்குதுப்பா. ஒருத்தரு கேக்கணும், ஒருத்தரு சொல்லணும்" என்றார். நல்ல யோசனைதான். யார் கேட்பது, யார் சொல்வது என்பதை மட்டும் யாரும் பேசவேயில்லை. பேச வேண்டிய விஷயமாகவே அது அவருக்குத் தோன்றவில்லை.

"நீ கேளு, நான் சொல்றேன். பொம்பளக் கொரல்ல கேட்டா நம்ம வூட்டுல கேக்கற மாதிரி இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வாரம் இப்படித்தான் ஓடியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அவருக்குச் சொல்லிக் கொடுப்பேன். சனிக்கிழமை காலையில் அதையே அவர் எனக்குச் சொல்லிக் கொடுப்பார். அவர் நன்றாகவே சொல்வார், அதையும் மறைக்கக் கூடாது. நான் சொன்னதைக் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி இறக்கி, கடலை மிட்டாய் மாதிரி உடைத்து உடைத்துக் கொடுப்பார். நடுநடுவே நான் "அப்படின்னா என்னாங்க?" என்பேன். அந்த ஒரு கேள்விக்காகவே அரூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் எங்களைக் கேட்டார்கள். 'அக்கா அப்படியே எங்க அம்மா மாதிரியே கேக்கறாங்க' என்று எழுதினார்கள். அவர்களின் அம்மாவுக்கு என் வயதில் ஒரு மகள் இருப்பாள்.

அவர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். என்றாவது ஒருநாள், பேச்சுவாக்கில், "இதெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்ததே இவங்கதாங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லுவார். எனக்கு வேறொன்றும் வேண்டாம். எனக்கும் தெரியும் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வார்த்தைக்கு இடம் விட்டுத்தான் கேள்வி கேட்டேன். அவர் அந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு போன் கம்பெனி, இன்னும் கடைக்கு வராத தங்கள் புதுப் போனைப் பற்றிப் பேசிவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி எங்களுக்கு அனுப்பியது. அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெட்டி கிடையாது, ஒன்றும் கிடையாது. குமிழ் வைத்த உறைக்குள் போனும் ஒயரும் மட்டும் வந்திருந்தன.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் புதிதாக எது வாங்கினாலும் பொட்டு வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். டிராக்டராக இருந்தாலும் சரி, மிக்சியாக இருந்தாலும் சரி. போன் வாங்குகிறவர்களும் பணத்தைக் கொடுத்துவிட்டு, "பொட்டு வெச்சுக் குடுங்க" என்று நிற்பார்கள். அதற்காகவே அவர் கடையில் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குழைத்த சந்தனம் இருக்கும். பெட்டியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், அப்புறம்தான் கையில் கொடுப்பார். வருஷக்கணக்காகச் செய்து செய்து விரல் தானாகவே கிண்ணத்துக்குப் போகும். அன்றைக்கும் போயிருக்கிறது. பெட்டி இல்லாததால் போனிலேயே வைத்திருக்கிறார். திரையில் வைக்க மனசு வரவில்லை, பின்பக்கம் கேமரா. அதனால் கீழ் விளிம்பில், சின்னதாக, அழகாக.

கீழ் விளிம்பில்தான் மைக்கின் துளை இருக்கிறது. ஊசி முனை அளவுத் துளை. இதைத் தினமும் நாலு பேருக்குப் பழுது பார்த்துக் கொடுக்கிறவர் அவர்.

சனிக்கிழமை காலையில் அந்தப் போனிலேயே பேசிப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. திட்டினால் கேட்கிற கூட்டம் கூடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். "இந்த வெலைக்கு இப்படி ஒரு மைக்காங்க? கம்பெனிக்காரங்க காது குடுத்துக் கேட்டாங்களா இல்லையா?" என்று பிடி பிடியென்று பிடித்தார். நானும் என் பங்குக்கு, "அப்ப வாங்க வேணாங்களா?" என்றேன்.

"தொடவே வேணாம்" என்றார்.

பேசி முடித்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். பதிவுக்கு முன்னால் அவர் துடைத்துவிட்ட பொட்டின் மஞ்சள், மைக்கின் துளைக்குள் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவருக்குக் காட்டினேன். ஊசி எடுத்துக் குத்தினார். வெளியே வரவேண்டியது இன்னும் உள்ளே போனது.

"இதைச் சரி பண்ணிட்டு மறுபடியும் பேசலாங்க. இப்படியே போட்டா தப்பு" என்றேன்.

"துளியூண்டு சந்தனம் என்னா பண்ணிடும்? மைக்கே மட்டம்தான். காலையில போடலன்னா கூட்டம் வேற பக்கம் போயிடும்" என்று சொல்லி அப்படியே ஏற்றிவிட்டார். நான் பிறகும் ஒருமுறை சொன்னேன். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். மைக்கை வைத்துக்கொண்டு பேசும்போது சொல்கிற அதே குரல். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அந்தக் குரல் வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் நினைத்த மாதிரியே கூட்டம் கூடியது. போனும் திரும்பிப் போனது. கொஞ்ச நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை, மரியாதையாகவே பேசினாள். பிரித்துப் பார்த்ததில் மைக்கின் துளைக்குள் மஞ்சளாக ஏதோ பசை இருக்கிறது, அதைப் படமும் எடுத்து வைத்திருக்கிறோம், அது என்ன சார் என்று கேட்டாள். நீங்களே சொல்லித் திருத்திவிட்டால் நல்லது, இல்லாவிட்டால் நாங்கள் படத்தை வெளியிட வேண்டியிருக்கும், அப்புறம் எந்தக் கம்பெனியும் உங்களுக்குப் போன் அனுப்பாது என்றாள். அவர் முகம் செத்துப் போனது. சோறு இறங்கவில்லை. கடைக்குப் போனவர் பாதியிலேயே திரும்பி வந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம், நம் ஜனங்களுக்குப் பொட்டு வைப்பது தெரியாததா, சிரித்துவிட்டு விடுவார்கள் என்று நான்தான் தேற்றினேன்.

"நான் வெச்சேன்னு சொன்னா அப்பறம் எவன் என் பேச்சைக் கேப்பான்? கடைக்கு எவன் ரிப்பேருக்கு வருவான்?" என்றார். ராகி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ வெச்சேன்னு சொல்லிடு. பொம்பளைங்க வெச்சாங்கன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"நான் கம்ப்யூட்டர் டீச்சருங்க."

"அது இங்க யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னைக் கொன்றது. எங்கள் ஊரைத் தாண்டி எங்களைக் கேட்கிற அத்தனை பேரில் ஒருவருக்கும் நான் படித்தவள் என்று தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது அவருக்கு இப்போது கைகொடுத்தது. வீடு, கடை, மகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் அழுதும்விட்டார். நான் மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன்.

சொல்ல வேண்டியதை அவரே எழுதித் தந்தார். போன் வந்த ஆசையில் நான்தான் பொட்டு வைத்தேன், அவருக்குத் தெரியாது. அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு கேள்வி வேறு எழுதியிருந்தார். "அந்த ஓட்டைதான் மைக்குங்களா?" என்று நான் கேட்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டே கேட்டால் நன்றாக இருக்குமாம். கேட்டேன். சிரிக்கவும் செய்தேன். அவர் பெருந்தன்மையாக, "பரவால்லைங்க, வூட்டுல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஊருக்கு முன்னால் என்னை மன்னித்தார்.

எங்கள் பாட்காஸ்டில் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் அப்படி ஓடியதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் வெட்டியெடுத்துப் பாட்டு சேர்த்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். தர்மபுரி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கம்பெனிக்காரப் பெண் நன்றி சொல்லி அவருக்கு அடுத்த போனை அனுப்பினாள். இந்தத் தடவை பெட்டியோடு வந்தது.

பள்ளியில் பிள்ளைகள் நேராக ஒன்றும் சொல்லவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்வரிசையிலிருந்து, "ஓட்டைதான் மைக்குங்களா?" என்று வரும். பிறகு தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், சுற்றி வளைத்தே பேசினார். "எனக்கு உங்களப் பத்தித் தெரியும் மேடம். ஆனா பேரண்ட்ஸ் கேக்கறாங்க. பப்ளிக் எக்ஸாம் கிளாஸ் பாருங்க. கொஞ்ச நாளைக்குச் சின்னப் பிள்ளைங்களுக்கு எடுங்க." இப்போது மூன்றாம் வகுப்புக்குக் கணிப்பொறியின் பாகங்களைப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் சொன்னபோது அவர், "அலைச்சல் கொறஞ்சுதுன்னு நெனைச்சுக்கோ" என்றார். எனக்குக் கையில் இருந்த கரண்டியைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. எறியவில்லை. எறிந்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பள்ளியில் கொடுத்த வேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது படிக்கிறாள். போனில் உள்ள நினைவகம் இரண்டு விதமாக இருப்பது ஏன், ஒன்று போதாதா என்று ஒரு கேள்வி. நான் அவள் பக்கத்திலேயே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டி அப்பாவிடம் போனாள். அவர் கேள்வியைப் படித்தார், இன்னொரு முறையும் படித்தார். பிறகு வழக்கம்போல என் பக்கம் தலையைத் திருப்பி, "இது என்னாம்மா?" என்றார்.

மகள் நோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ அப்பா, அம்மாவப் போயி கேக்கறீங்க? போனுக்கே பொட்டு வெச்சவங்க அவங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். கம்பெனி இல்லை, கடை இல்லை, கேட்கிற கூட்டம் இல்லை. இப்போதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு அவளோடு சேர்ந்து சிரித்தார்.