சனூன் காக்கா சலாம் சொன்ன கட்டைகள்

மன்னார்த் தீவில் இறந்தவர்களைக் காத்துச் சம்பளம் வாங்கியவர் சனூன் காக்கா. பள்ளிவாசல் மையவாடியில் கபுறுக்குழி வெட்டுவார், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு மீசான் கட்டை நடுவார், உள்ளே நுழையும் கழுதைகளை விரட்டுவார். கழுதைகள் அவரை மதித்ததில்லை. உள்ளே கிடப்பவர்கள் மதித்தார்கள், அவர் சலாத்துக்குப் பதில் சலாம் சொன்னார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

ஊரார் கபுறையெல்லாம் காத்தவருக்குத் தன் உம்மாவின் கபுறு எதுவென்று தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் காலம் தள்ளித் திரும்பியபோது பழைய மீசான்களைக் கறையான் தின்றிருந்தது. மணல் மேடுகள் இடம் மாறியிருந்தன. கடைசியாக ஒருதரம் உம்மாவுக்குச் சலாம் சொல்லவேண்டும். அது ஒன்றுதான் அவர் ஆசை.

ஒருநாள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர், மையவாடிக்கு வெளியே மணலில் இரண்டு புதுக் கட்டைகளைக் கண்டார். இடையில் ஓர் ஆள் நீளம். யாரோ விசயம் தெரிந்தவர் உம்மாவுக்கு மீசான் நட்டுவிட்டார் என்று நினைத்துச் சலாம் சொன்னார், தண்ணீர் ஊற்றினார். பதில் வரவில்லை. நாள்தோறும் ஊற்றினார்.

வங்காலை ஊர் மரியதாஸ் அதைப் பார்த்துவிட்டார். கொம்பனி ஒன்றுக்கு அளவுக்கட்டை நடும் வேலை அவருக்கு.

“காக்கா, ஆருக்குத் தண்ணி ஊத்துறீங்கள்?”

“உம்மாவுக்கு.”

“அந்தச் சிவப்பு நுனிக் கட்டை நான் நட்டது. நீலம் மற்றக் கொம்பனிக்காரன்ர.”

சனூன் காக்கா வாளியை வைத்தார். “என்னத்துக்கு?”

“ஒரு பெரிய நாடு தன்ர உலோகத்தை இனி வெளியில விடமாட்டன் எண்டு கதவைப் பூட்டிப்போட்டுது. மற்றப் பெரிய நாடு எங்கட மணலுக்குள்ள அது கிடக்குது எண்டு வந்து நிக்குது. அவனுக்குக் கிடைக்கக்கூடாதெண்டு பூட்டினவனும் வந்து பக்கத்திலயே கட்டை நட்டிட்டான்.”

“கொழும்பு என்ன சொன்னது?”

“ரெண்டு பேருக்கும் ஓம் எண்டது. சின்ன நாடு, ரெண்டு பேரோடயும் பகைக்கேலுமா? உங்கட உம்மா எந்தப் பக்கம் காக்கா?”

“அவ லேசில ஓம் சொல்ற ஆள் இல்ல, தம்பி.”

அடுத்த நாள் அந்த இடத்தில் மரியதாஸின் ஆட்கள் துளைக்கும் குழாயை இறக்கினார்கள். ஆள் ஆழத்தில் அது நின்றது. கல்லும் இல்லை, வேரும் இல்லை. இழுத்து எடுத்தால் கறுப்பு மணலில் கற்பூர வாசம், கபன் துணி சுற்றிய மையித்து உடம்பில் வருமே, அதே வாசம். நீலக் கொம்பனியும் இறக்கிப் பார்த்தது. அதே ஆழம், அதே வாசம். மரியதாஸ் மூன்று சவர்க்காரம் தேய்த்தும் வாசம் கையை விட்டுப் போகவில்லை.

விடிந்தபோது, கடற்கரை நெடுக இரண்டு கொம்பனிகளும் நட்டிருந்த கட்டைகள் இடம் மாறியிருந்தன. ஒரு சிவப்பு, ஒரு நீலம், இடையில் ஆள் நீளம். எல்லாம் வடக்குத் தெற்காக, கபுறு கிடக்கிற மாதிரி. ஓர் இடத்திலும் கால் தடம் இல்லை. கழுதைகள்கூட அவற்றைச் சுற்றிப் போயின.

பயந்துபோன வேலையாட்கள் வேலைக்குத் திரும்பவில்லை. இரண்டு கொம்பனிகளும் வேறு கடற்கரை பார்க்கப் போயின. கட்டைகளைப் பிடுங்க ஒருவருக்கும் கை வரவில்லை.

சனூன் காக்கா சோடி சோடியாகச் சலாம் சொல்லிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் நின்று, தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துவிட்டு நடந்தார். கூட வந்த மரியதாஸ் மெதுவாகக் கேட்டார்.

“உம்மா எதுக்குள்ள, காக்கா?”

“ஒண்டில மட்டும் பதில் வருது. எதெண்டு சொல்லமாட்டன். சொன்னா அதுக்கும் ரெண்டு நாடு வரும்.”

மரியதாஸ் சிரிக்கவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்த அந்தப் பதில் சலாம் அவருக்கும் கேட்டிருந்தது.