தப்பித்த பேனா

பதினோரு மாடிக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று ஓடும், இன்னொன்று 'பழுது' என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு சும்மா நிற்கும். ஓடுகிற லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறவள்தான் லிஃப்ட் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மேனேஜருக்கும் அவள் அக்காதான். ஒன்பது வருடமாக மேலே போய்க் கீழே வருகிறாள். ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுகிறோம் என்று ஒருமுறை கணக்குப் போடப் பார்த்து, தலைசுற்றி விட்டுவிட்டாள்.

அவள்மீது எல்லோருக்கும் ஒரு புகார் இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் ஆள் ஏறி இறங்கிய பிறகும் கதவை உடனே மூட மாட்டாள். கையில் போனை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மூடுவாள். "அக்கா, சீக்கிரம்" என்று உள்ளே இருப்பவர்கள் முனகுவார்கள். லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்காது, கதவு திறந்தால்தான் கிடைக்கும் என்பது அவர்கள் கவலை இல்லையே. பாதிப் பேர் அவளுக்குப் போன் பைத்தியம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கட்டிக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் எட்டாவது மாடி வருவதற்குள் முடிகிற விஷயமா அது?

விஷயம் அவள் மகள். பத்து வயது, வீட்டில் சிட்டு. சிட்டுக்கு வேர்க்கடலை ஆகாது. வயிற்றைக் கொஞ்சம் புரட்டும், வாந்தி வரும் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற 'ஆகாது' இல்லை. ஐந்து வயதில் பக்கத்து வீட்டில் கொடுத்த சாக்லேட்டைக் கடித்தாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, குரல் போய், மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டுத்தான் பிள்ளையை மீட்டார்கள். பிறகு டாக்டரம்மா ஒரு பேனாவை எழுதிக்கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு தடவைக்கான மருந்தும் ஊசியும் தயாராக இருக்கும். மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்த வேண்டியது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது. பிள்ளை போகிற இடமெல்லாம் அது கூடவே போக வேண்டும்.

ஆறு மருந்துக்கடையில் 'கேள்விப்பட்டதே இல்லை' என்றார்கள். ஏழாவது கடையில் இருந்த தம்பிக்குத் தெரிந்திருந்தது. அவர் விலையைச் சொன்னதும், வேறு எதையோ பார்த்துச் சொல்கிறாரோ என்று இவள் சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். அவளுடைய ஒன்றரை மாதச் சம்பளம். அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. முதல் பேனா உறையைவிட்டு வெளியே வராமலே காலாவதியானது. "உபயோகப்படாம போச்சுன்னா நல்லதுதானேம்மா, சந்தோஷப்படுங்க" என்றார் டாக்டரம்மா. சந்தோஷப்பட்டாள். இன்னொரு ஒன்றரை மாதச் சம்பளத்துக்குச் சந்தோஷப்பட்டாள்.

புருஷன் பெயின்டர். வேலை கிடைக்கிற ஊருக்கெல்லாம் போய், வாரக்கணக்கில் சாரத்தில் தொங்குகிறவன். அவனுடைய அக்கா வரும்போதெல்லாம், "ஒரு கடலைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நாங்கல்லாம் வளரலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். முதல் வருடம் இவள் பதில் சொன்னாள். அப்புறம் காப்பியோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் பேனா நாலாவது ஆளாகிவிட்டது. புது ஷூ கேட்டால், "பேனா வாங்கி முடியட்டும்." பள்ளியில் சுற்றுலா என்றால், "பேனா வாங்கி முடியட்டும்." வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுகிற சிட்டுக்குப் பேனாவின் விலை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெற்றோர் பேசுவது இந்தப் பக்கம் கேட்கிற வீடு அது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கரி பன் தின்ற சிட்டுக்குக் கழுத்திலும் கையிலும் தடிப்பு எழும்பியது. இவள் பேனாவை உறையிலிருந்து எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் காத்திருந்தாள். குத்திய பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால்? அலர்ஜி மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள். பத்து நிமிடம் மூன்று பேரும் அசையவில்லை. சிட்டு தன் கையைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையில் இருந்த பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்லத் தடிப்பு அடங்கியது.

"அப்பாடா, பேனா தப்பிச்சுது" என்றான் புருஷன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். இவள்தான் அதிகம் சிரித்தாள். அதிலிருந்து அது வீட்டு வழக்காகிவிட்டது. சிட்டு தும்மினால்கூட, "பேனா தப்பிச்சுதா?" என்று கேட்பது.

தப்பித்த அந்தப் பேனாவும் தேதி முடிந்து குப்பைக்குப் போனது. மூன்றாவது பேனாவுக்காக நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமையும் லிஃப்டில் உட்கார்ந்தாள். கடைத்தம்பி, "எட்டு மாசத் தேதிதான் இருக்கு, வேணும்னா எடுத்துக்கங்க, இல்லன்னா அடுத்த ஸ்டாக் எப்பன்னு சொல்ல முடியாது" என்றார். எடுத்துக்கொண்டாள். துணி உறை ஒன்று தைத்து, அதில் போட்டுச் சிட்டுவின் பள்ளிப் பையில் முன்பக்கம் வைத்தாள்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். மதியம் ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. போனைப் பார்த்தாள். ஏழு தவறிய அழைப்பு, ஏழும் பள்ளியிலிருந்து. லிஃப்ட் நிறைய ஆள். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து படியில் இறங்கி ஓடினாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, தங்களுக்கு வேண்டிய பொத்தானை அவர்களே அழுத்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வகுப்பு டீச்சர் நின்றிருந்தாள். சின்ன வயதுக்காரி.

"இப்ப பரவாயில்லைங்க, மூச்சு சீராயிடுச்சு. யாரோ பிறந்தநாள் கேக் கொடுத்திருக்காங்க. ஒரு வாய் தின்னதுமே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லல. குழாயடியில போய் வாயைக் கொப்பளிச்சுக்கிட்டே நின்னிருக்கா. நான் பார்க்கும்போது பேச்சு வரல. பேனாவை எடுத்தா என் கையைத் தள்ளி விடுறா. ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டுதான் குத்துனோம். ஊசின்னா அவ்வளவு பயமா அவளுக்கு?"

"இல்லையே டீச்சர். ரத்தம் எடுக்கக்கூட அவளே கையை நீட்டுவாளே" என்றாள் இவள். சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் தண்ணீர் எடுத்து வரப் போனாள்.

உள்ளே சிட்டு ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தாள். ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் மாஸ்க்கை நகர்த்தினாள். குரல் கரகரத்தது.

"பேனாவைக் காப்பாத்த முடியலம்மா."

இவளுக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் முன்னால் நிற்க முடியாத வெட்கம். வராந்தாவில் அழுதுவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது. ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டு 'இதோ வாசல்ல நிக்கிறேன்' என்று போனில் பொய் சொல்கிறவர்களைத் தினமும் கேட்கிறவள் அவள். மகளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இப்போது சொன்னாள், தயங்காமல்.

"அது எங்கயும் போயிடல கண்ணு. குத்துன பேனாவைத் திருப்பிக் குடுத்தா புதுசு ஒண்ணு சும்மாவே தருவாங்களாம். டாக்டரம்மா இப்பத்தான் சொன்னாங்க."

"காசு வேணாமா?"

"வேணாம்."

"நெசமாவா?"

"நெசமா."

சிட்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தாள். மறுபடி நகர்த்தினாள்.

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா உடனே குத்தியிருப்பேன்ல?"

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல. இனிமே தொண்டை லேசா அரிச்சாலே குத்திக்கணும். யாரையும் கேக்க வேணாம். என்னையும் கேக்க வேணாம்."

சிட்டு தலையாட்டினாள். பிறகு தூங்கிப்போனாள். சாயங்காலம் வரை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

வராந்தாவுக்கு வந்து புருஷனைப் போனில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். "இனிமே அதோட விலையை நம்ம வீட்டுல யாரும் வாயால சொல்லக் கூடாது. உங்க அக்காவும்தான். தப்பிச்சுதுங்கிற பேச்சும் வேணாம்." சாரத்தில் எங்கோ காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. "சரி" என்றான்.

அடுத்து மருந்துக்கடைக்குப் போன் போட்டாள்.

"இப்பத்தானேக்கா வாங்கிட்டுப் போனீங்க?" என்றார் தம்பி.

"செலவாயிடுச்சுப்பா."

"பாப்பா நல்லாருக்கா?"

"நல்லாருக்கா."

"ஸ்டாக் வர ரெண்டு வாரம் ஆகும். முழுப் பணமும் முன்னாடியே கட்டணும்க்கா, அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். மறுபடி ஞாயிற்றுக்கிழமைகள். கையில் பேனா இல்லாமல் பள்ளிக்கு அனுப்ப முடியாது, இரண்டு வாரம் சிட்டுவைத் தன்னோடு லிஃப்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது. தான் நின்றுகொள்ளலாம்.

"கட்டிடுறேன் தம்பி. ஒரே ஒரு உதவி. பெட்டி மேல விலை போட்டிருக்குமே, அதைக் கிழிச்சுட்டுக் குடுக்கணும்."

"அது ஒட்டுனது இல்லக்கா, அச்சடிச்சது. கிழிச்சா பெட்டியே போயிடும்."

"அப்ப பெட்டி வேணாம்பா. பேனாவை மட்டும் என் கையில குடு."