துருவில் வந்த முகம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷெட்டில், தகட்டை ஈரக் கையால் தொட்டால் திட்டு நிச்சயம். தொட்ட இடம் மறுநாளே துருப்பிடித்துவிடும், சரக்கு திரும்பி வந்துவிடும். நாகவல்லி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் மாட்டினாள். தகடுகளுக்கு எண்ணெய் தடவி அடுக்குவது அவள் வேலை. கழுவின கையோடு ஒன்றைத் தூக்கிவிட்டாள். காலையில் பார்த்தால் அதில் ஐந்து விரலும் செம்பழுப்பாகப் பதிந்திருந்தன. சூப்பர்வைசர் பரந்தாமன் கத்திக்கொண்டிருக்க, இவள் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமே, காதுல உழலியா?" என்றேன். நான் பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாட்டுகிற ஆள், பக்கத்தில்தான் நின்றேன்.

"ரேகைகூட வந்துகீதுண்ணே" என்றாள்.

இது எண்பத்தைந்தில். அதற்கு முந்தின வருஷம்தான் அவள் மகள் பேபி காமாலையில் செத்துப்போயிருந்தது. சின்னக் குழந்தை. ஒரு போட்டோ கிடையாது. பிள்ளையைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பாரிவாக்கத்தில் அவள் மாமியார் வீட்டில் கடைசி வரைக்கும் விடவில்லை. பிடிக்காமலே ஆயுசு முடிந்தது. புருஷன் தங்கவேல் மகள் பேரைச் சொல்வதையே நிறுத்திவிட்டான். ஆக, அந்த முகம் இருந்த ஒரே இடம் நாகவல்லியின் மனசு. அங்கேயும் அது கரைந்துகொண்டிருந்தது.

"மூக்கு நெனப்பு கீதுண்ணே. வாயி சரியா வர மாட்டேங்குது" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கழித்துப்போட்ட ஒரு பெரிய தகட்டைப் பரந்தாமனிடம் கேட்டு வாங்கி, ஷெட்டின் பின்சுவரில் சாய்த்துவைத்தாள். வேலை விட்டதும், மகள் முகத்தைத் துருவில் வரவைக்க அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். துரு வேண்டிய இடத்தில் உப்புத் தண்ணீர் நனைத்த துணியை ஒட்டுவாள். வேண்டாத இடத்தில் கிரீஸ் தடவி அடைப்பாள். புளித்தண்ணீர் ஒரு நிறம் தரும், டீத்தூள் சக்கை இன்னொரு நிறம் தரும். முடிக்குச் செப்புக் கம்பியைப் பிரித்து ஒட்டினாள். கழுத்துக்குக் கீழே பேபியின் கவுனில் கிழித்த துண்டு. காதுக்கு உடைந்த வளையல். கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் எதையும் ஒட்டவில்லை. அங்கே துரு தானாக ஏற வேண்டும் என்று காத்திருந்தாள். அவள் நினைத்த இடத்தில் அது நிற்காது. நின்ற இடத்தை ஒத்துக்கொண்டு அதற்கு மேலே வேலை செய்வாள்.

இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. சுவரில் மழை வழிந்த கறையைப் பார்ப்பாள், சாக்கடைத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற நிறத்தைப் பார்ப்பாள். சென்னீர்குப்பம் ஹைவேயில் எரிந்துபோன லாரி ஒன்று கிடந்தது. அதைப் பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாளாம்.

"பைத்தியமாமே நீ?" என்றேன்.

"பெயிண்டு வெந்து உரிஞ்சி, உள்ளேந்து நாலு கலரு வந்துகீதுண்ணே. நீயும் போய்ப் பாரு" என்றாள்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு சாயங்காலம் பிரஸ் பக்கத்திலிருந்து திரும்பினேன். சாய்ந்த வெயில் தகட்டின் மேல் விழுந்திருந்தது. அதில் ஒரு பெண் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. கிட்டே போனேன், வெறும் துருக்கறை. தள்ளி வந்து பார்த்தேன், மறுபடியும் குழந்தை.

"தெரியுதாண்ணே?" என்று நாகவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயி வந்துட்சி பாத்தியா? யாராண்டயும் சொல்லிடாதே. கண்ணு பட்டுடும்."

நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஷெட்டில் மற்றவர்களுக்கு அது நாகு ஆசையாகச் செய்து பாதியில் துருவேறிக் கெட்டுப்போன ஏதோ ஒரு படம். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. என்னை விடியற்காலையிலேயே பூசணிக்காய், பொரி, பூ எல்லாம் வாங்க டவுனுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வரும்போது நாகவல்லியும் புதுப்புடவையும் பூவுமாக எதிரே வந்தாள். சேர்ந்தே உள்ளே போனோம். எல்லா மிஷினும் துடைத்துப் பொட்டு வைத்துப் பளபளவென்று நின்றன. நடுவில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தகடு. கிருஷ்ணாயில் போட்டுத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சில்வர் பெயிண்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கவுன் துணியும் வளையலும் அப்படியே இருந்தன. முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"வா நாகு, வா! கோயில் வெள்ளிக் கதவாட்டம் ஆக்கிட்டோம் பாரு" என்றான் பால்ராஜ். எங்களோடு வேலை பார்க்கிறவன்; சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், ஆனாலும் பூஜை வேலைக்கு முதலில் வந்து நிற்கிறவன்.

"துருவோட பூஜையில வெக்கலாமா? காலையிலேந்து தேச்சி தேச்சி இவன் கையே தேஞ்சிபோச்சு" என்றார் பரந்தாமன்.

"பொட்டும் நாந்தான் வெச்சேன், சார். அத சொல்லு" என்று சிரித்தான் பால்ராஜ். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள், சந்தோஷப்படுவாள் என்று.

நாகவல்லி கவுன் துணியை விரலால் ஒரு தரம் தொட்டாள். பிறகு, "நல்லா கீதுண்ணே" என்றாள். பொரியை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். கற்பூரம் காட்டும்போது கையைக்கூடக் கூப்பினாள்.

பூஜை முடிந்ததும், "தின்னர் போட்டு பெயிண்ட்ட எடுத்துப் பாக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பெயிண்டு போவும். தேச்ச துரு எங்கேந்துண்ணே வரும்?" என்றாள்.

மழை தொடங்கியதும் வேறு தகடு எடுத்தாள். அதே உப்பு, அதே புளி. துரு நன்றாகவே பிடித்தது. முகம் வரவில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தினி நாளு உள்ள பாக்காம தகட்டையே பாத்துகினு இருந்துட்டேண்ணே. உள்ள இருந்தவ அதுல எறங்கிட்டா. இப்ப கண்ண மூடுனா வெள்ளையா தகரந்தான் தெரியுது."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"நீதான பாத்தே? நீ சொல்லு. எப்பிடி இருந்தா?"

உயிரோடு அந்தக் குழந்தையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "சிரிச்சுகினு இருந்துச்சு" என்றேன்.

"அது எனக்குந் தெரியும். வாய எப்பிடி வெச்சிகினு சிரிச்சா? பல்லு தெரிஞ்சிதா?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அந்த வாய் சரியாக நினைப்பு வரவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.