என் நாலெழுத்தும் பிரான்சிஸின் நாலெழுத்தும்

நேற்று காக்ஸ் டவுன் மொபைல் கடையில் என் புதிய போனில் விரலைப் பதிய வைத்தார்கள். “நல்லா அழுத்துங்க அங்கிள், இனிமே பாஸ்வேர்டே வேணாம்” என்றான் கடைக்காரன். அழுத்தினேன். பிரான்சிஸின் விரல் ஒடிந்த சத்தம் காதில் வந்து விழுந்தது. முருங்கைக்காயை ஒடிப்பது போலத்தான் இருக்கும். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், நல்லது.

தொண்ணூறுகளில் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம், இரும்புத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப். அதன் கம்ப்யூட்டர் பிரிவு என்பது நானும் பிரான்சிஸும். யூனிக்ஸ் இயந்திரம் ஒன்று. அவரவர் சொந்தப் பெயரில்தான் உள்ளே நுழைய வேண்டும். அடுத்தவர் கோப்பில் கை வைக்க வேண்டுமென்றால் su என்று தட்டி ரூட்டாக மாற வேண்டும். ரூட்டுக்கு எல்லாம் கட்டுப்படும். அதன் பாஸ்வேர்டு எட்டெழுத்து: முன் நாலு எனக்கு மட்டும் தெரியும், பின் நாலு அவனுக்கு மட்டும். ஒருவன் தட்டும்போது மற்றவன் சுவரைப் பார்த்து நிற்பான். விதியை எழுதியவன் நான். தீ, திருட்டு, மின்வெட்டு எல்லாவற்றுக்கும் வழி சொல்லியிருந்தேன். உதை விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது.

ஷாப்பில் வேலை செய்த ஸ்ரீராம்புரத்து முனியப்பாவின் வலது கை பிரஸ்ஸில் நசுங்கிப்போனது. அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்று கம்ப்யூட்டரில் வருகைப் பதிவைத் திருத்திவிட்டால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டாம். திருத்த ரூட் வேண்டும். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது முதலாளியின் மைத்துனன் இரண்டு தடியர்களோடு உள்ளே இருந்தான். பிரான்சிஸின் சட்டையெல்லாம் ரத்தம். நான் நுழைந்ததும் கதவைச் சாத்தி, எனக்குக் காட்டுவதற்காகவே சுண்டுவிரலை ஒடித்தார்கள்.

“மிச்சம் ஒம்போது இருக்கு” என்றான் மைத்துனன்.

“உங்க பாதிய அடிங்க சார்” என்றான் பிரான்சிஸ்.

அடித்தேன். வீரத்துக்கும் நான் விதி எழுதியிருக்கவில்லை. பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பிரான்சிஸ் இடது கையால் தட்டினான். திரையில் ‘Sorry’ என்று வந்தது. மறுபடி தட்டச் சொன்னார்கள், மறுபடி Sorry. அந்த அறையில் மன்னிப்புக் கேட்டது அந்த இயந்திரம் ஒன்றுதான். மைத்துனன் இரும்புக் கம்பியால் திரையை அடித்து நொறுக்கினான்.

படக்குழாய் வெடித்த சத்தத்துக்கு ஷாப்பே ஓடி வந்து கதவை உடைத்தது. ஸ்பானர் வைத்திருந்தவன் ஸ்பானரால், இல்லாதவன் செருப்பால். மைத்துனனைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அதற்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை.

ஆட்டோவில் பிரான்சிஸ் சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை. “நாலெழுத்துல எவ்ளோ திட்ட முடியுமோ அவ்ளோ திட்டுனேன் சார்.”

பதிவு அப்படியே இருந்தது. முனியப்பாவுக்கு நஷ்டஈடு கிடைத்தது. எங்கள் இருவருக்கும் வேலை போனது.

ஷாப் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மைத்துனனும் இல்லை, முனியப்பாவும் இல்லை. போன மழையில் பிரான்சிஸைப் புதைத்துவிட்டு வந்தேன். அவனுடைய உண்மையான நாலெழுத்தை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. விதிப்படி கேட்கக் கூடாது. என்னுடையது மட்டும் மறக்கவில்லை. அதை வைத்து எதையும் திறக்க முடியாது.