விழுந்தவரைத் தொடாதீர்கள்

வி.ஆர். கண்ணாடியின் உட்பக்கம் முகத்தில் படுகிற இடத்தில் ஒரு பஞ்சுப் பட்டை உண்டு. ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கென்று மாறி மாறி, மதியத்துக்குள் அது வேர்வையில் ஊறிவிடும். சூடேறிய ரப்பரும் புளிப்பும் கலந்த வாடை. ஆசிட் ஊற்றி உறையவைத்த ரப்பர் பாலின் வாடை அதுதான். பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிற புரையின், அந்தக் கொட்டகையின் வாடை. முதல்முறை அதை மாட்டியபோது எனக்கு மூச்சு முட்டியிருக்க வேண்டும். முட்டவில்லை. நன்றாகத்தான் மூச்சு வந்தது.

குலசேகரத்துக்கும் அருமனைக்கும் இடையே, ரப்பர் மரங்களுக்குள் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் நான் தமிழ் ஆசிரியை. வேலையிடத்தில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க, கல்லூரியில் இல்லாத ஒரு தொழிற்சாலையை வாங்கினார்கள். கண்ணாடியை மாட்டினால் எந்திரங்கள் ஓடும், தரையில் தண்ணீர் தேங்கும், ஒருவன் மின்சாரம் தாக்கி விழுவான். அதில் பேசிய ஆங்கிலம் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. தமிழில் எழுதிப் பேசித்தர என்னைக் கேட்டார்கள். என் கணவர் எப்படி இறந்தார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்து கேட்டார்களா, மறந்துபோய்க் கேட்டார்களா என்று நான் யோசிக்கவில்லை. எழுதினேன். பேசினேன். "விழுந்தவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்." கொஞ்சம் பதற்றமாகச் சொல்லுங்கள் டீச்சர் என்றார் பதிவு செய்தவர். மறுபடி சொன்னேன். அதேபோலத்தான் வந்தது. போதும் என்று விட்டுவிட்டார்.

முதல் வகுப்பில் எல்லோரும் தோற்றார்கள். கண்ணாடிக்குள் தெரிகிற எந்திர அறையின் வாசலில் ரப்பர் பூட்ஸ் அடுக்கியிருக்கும். எடுத்து மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒருவரும் எடுக்கவில்லை.

"பூட்ஸ் எடுக்காம எங்க ஓடுதிய?" என்றார் ஆய்வக ஆசிரியர்.

"சார்தானே வெளிய கழத்திப் போடச் சொன்னிய?" என்றாள் ஒருத்தி.

அறையே சிரித்தது. வெளியே வராந்தாவில் அவர்களுடைய செருப்புகள் குவிந்து கிடந்தன. கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி வரக்கூடாதாம். வீடு, கோயில், சபை, கம்ப்யூட்டர் அறை. வாசல் என்று ஒன்றைக் கண்டால் எங்கள் கால் தானாக வெறுங்கால் ஆகிவிடும். இல்லாத தொழிற்சாலையின் வாசலிலும்.

என் கணவருக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஷீட் அடிக்கிற மெஷினின் மோட்டாரில் கரண்டு அடித்துக் கை ஒட்டிக்கொண்டு அலறியபோது இவர் ஓடினார். பாலில் மண் விழுந்தால் ஷீட் கெட்டுப்போகும். அதனால் புரைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அந்த ஓட்டத்திலும் இவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டிருக்கிறார். ஈரத்தரை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் தெறித்து விழுந்து பிழைத்தார். இவர் பிழைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது செருப்புகள் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வெளியே விட்டதுபோல ஜோடியாக இருந்தன. அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதும், எங்கே நின்றாலும், கொஞ்சம் அங்கேதான் நிற்கிறேன்.

எங்கள் மகனுக்கு இதே கல்லூரியில் அது கடைசி வருடம். வளைகுடாவில் வேலை கிடைத்திருந்தது. இந்தப் பயிற்சியில் தேறினால்தான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வேலை பெரிதில்லை. விழுந்து கிடப்பவனுக்கு முதுகைக் காட்டிவிட்டு சுவிட்சை நோக்கி நடக்க அவன் கற்றாக வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பூட்ஸை அவன் ஒருமுறைகூட மறக்கவில்லை. ஆனால் அந்த ஆள் விழுந்ததும் ஓடிப்போய்ப் பிடித்தான். திரை சிவந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடி பிடித்தான்.

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அம்மா, அதுக்குள்ள என்னய 'தொடாதீர்கள்'ங்குத. வீட்டுல ஒருநாளாவது இந்த மரியாத தந்திருக்கியா?"

"தோத்தவனுக்கு என்னத்துக்கு மரியாத? தின்னு."

ஒரு வாய் தின்றான். "அப்பா பிடிச்சதுனாலதானே மாமா இருக்காரு?"

மாமா என்றால் பக்கத்து வீட்டுக்காரர். மரச்சீனிக் கிழங்கு பிடுங்கினால் பாதியை எங்கள் அடுக்களையில் கொண்டுவந்து வைப்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்.

"ஆமா" என்றேன்.

"பின்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல. சாளமீன்கறி ஊத்தட்டா?"

மறுவாரம் அவன் முறை வந்தபோது, அவன் காண்பதைக் காட்டுகிற திரைக்கு முன்னால் போய் நின்றேன். ஆள் விழுந்தான். என் குரல் பேசியது. படம் அந்த முகத்திலேயே நின்றது. தொடாதீர்கள், என்றது குரல் திரும்பவும். படம் மெல்லத் திரும்பியது. சுவர். ஈரத்தரை. சிவப்புக் கைப்பிடி. அணைத்தான். அதன்பிறகு திரும்பி வந்து, விழுந்தவன் பக்கத்தில் குனிந்தான். திரை பச்சையானது, பிள்ளைகள் கைதட்டினார்கள். கண்ணாடிக்கு வெளியே, ஆய்வகத்தின் குளிர்ந்த டைல்ஸ் தரையில், அவனுடைய வெறுங்கால் விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. அழுகை வரும் என்று காத்திருந்தேன். ராத்திரிக்கு அரிசி ஊறப்போட வேண்டும் என்றுதான் நினைவு வந்தது.

மகன் புறப்பட்ட அன்று எங்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குத் தன் ஜீப்பில் கொண்டுவிட்டது மாமாதான். வழி நெடுக ரோட்டைப் பற்றியே பேசினார். பையை இறக்கியவர் அதன் கைப்பிடியை விடவில்லை. என் கணவர் இறந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிராத மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மக்கா, அங்க ஆராவது கரண்டுல மாட்டினா நீ போயி பிடிச்சிராத, கேட்டியா. அது நானா இருந்தாலும்."

மகன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"மெயின அணைச்சிட்டுப் பிடிக்கேன், மாமா."