அம்மாவின் பெயரைத் தின்ற நிரல்

திருச்சுழிக்குப் பக்கத்தில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயில் சுவரில் ஒரு பிளெக்ஸ் தொங்குகிறது. எங்கள் வகையறாவின் வம்சப் படம். வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பெயரிலிருந்தும் மேலே போகும் இரண்டு கோடுகள் தெரிகின்றன. அந்த இரண்டாவது கோடு சும்மா வந்ததில்லை. என் மதினி மல்லுக்கட்டி வாங்கியது.

மதினி, அதாவது அண்ணன் மனைவி, மதுரையில் ஒரு கம்பெனியில் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழியில் வேலை பார்த்தவள். சிவராத்திரிக்குப் படம் வைக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னதும், வீடு வீடாக விவரம் கேட்டுக் கணினிக் கோப்பை எழுதியவள் அவள்தான். ஆளுக்கு ஒரு அடையாள எண். அதற்குப் பக்கத்தில் 'பெற்றோர்' என்ற இடத்தில் அப்பாவின் எண், ஓர் இடைவெளி, அப்புறம் அம்மாவின் எண். அதைப் படமாக மாற்றும் நிரல், அதாவது புரோகிராம், அருப்புக்கோட்டை பிளெக்ஸ் கடையில் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன நிரல் இடைவெளியைக் கண்டதும் நின்றுவிடும். முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். மாதிரித் தாள் வந்தபோது ஒருவருக்கும் தாயே இல்லை! அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துத் தேடினாள். "ஏத்தா, நான் எங்க இருக்கேன்?" என்றாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கரிசலில் கிடந்து பாடுபட்டவள்.

சித்தப்பா அசரவில்லை. "அப்பன் பேரு இருக்குல்ல, ஒரு பேரு போதும்த்தா" என்றார். மதினி கோப்பில் எண்களை முன்பின்னாக மாற்றிப் போட்டு, அதே நிரலில் ஓட்டி, மறுநாள் புதுத் தாளைக் கொண்டுவந்து விரித்தாள். இப்போது எல்லோருக்கும் அம்மா மட்டும்தான். சித்தப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தா, எங்கப்பாவக் காணோமே!"

"ஒரு பேரு போதும்னு நீங்கதான சொன்னீக, மாமா."

சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதினி விடவில்லை. "இடைவெளியில பிரிச்சு, ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாத் தேடச் சொல்லணும். அம்புட்டுத்தான் வேலை" என்றாள். அன்றே கடையில் உட்கார்ந்து நிரலைத் திருத்திவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

இப்போது அம்மா இல்லை. மதினியும் அண்ணனோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். இந்த வருஷம் புதுப் பிளெக்ஸ் அடிக்கக் கோயிலில் கூட்டம் போட்டோம். பெரியப்பா மகன் எழுந்து, "குடும்பம் பெருகிருச்சு, இடம் பத்தாது. ஆளுக்கு ஒரு பேரு போட்டாப் போதும்" என்றான். எனக்கு வந்ததே கோபம்!

"சரி. அம்மா பேரை மட்டும் போடுங்க" என்றேன்.

"ஏலே, ரெண்டையும் போட்டுத் தொலைங்கடா!" என்று சித்தப்பா பதறி எழுந்தார். "இவ அவ மதினிக்கு மேல!"

நான் சுவரைப் பார்த்தேன். வெளுத்த பிளெக்ஸில் அம்மா இருந்தாள். என் பெயருக்கு மேலே, இரண்டாவது கோட்டின் நுனியில்.