நெடுந்தீவுக்குக் கொண்டுபோன இரண்டு சொற்கள்

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் பஸ் புறப்பட்டபோது, என் மடியில் ஒரு பை, பைக்குள் ஒரு ஒலிப்பதிவுக் கருவி, தலைக்குள் இரண்டு ஜேர்மன் சொற்கள். ஒன்று ‘டூ’, மற்றது ‘ஸீ’. டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். இந்த இரண்டையும் வைத்து முப்பது பக்கம் எழுத வேண்டும், அதையும் ஜேர்மனிலேயே எழுத வேண்டும்.

நான் கொழும்புப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ஹட்டன். இறுதியாண்டில் எங்களுக்குப் பாடக்குறிப்பு தரமாட்டார்கள். அவரவர் கேள்வியை அவரவரே தேடி, அவரவரே ஆராய்ந்து எழுத வேண்டும். ஒருத்தி பழைய ஜேர்மன் சமையல் குறிப்புகளை எடுத்துக்கொண்டாள், இன்னொருத்தி காற்பந்து வர்ணனையை. இருவருக்கும் இணையம் போதும். நான்தான் வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவள்: தமிழ் பேசுகிறவர்கள் ஜேர்மன் படிக்கும்போது யாருக்கு டூ சொல்கிறார்கள், யாருக்கு ஸீ சொல்கிறார்கள்?

“அது நூலகத்தில் கிடைக்காது,” என்றார் விரிவுரையாளர். “தீவுப்பகுதிக்குப் போ. ஜேர்மனியில் இருக்கும் கணவரிடம் போவதற்காகப் படிக்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். கேள், பதிவு செய். ஆனால் திருத்தாதே. நீ திருத்தினால் அது உன்னுடைய ஜேர்மன் ஆகிவிடும்.”

அறைத்தோழி ஒருத்தியின் உறவு வழியாகக் கிடைத்த பெயர் ஜெசிந்தா. நெடுந்தீவு. கணவர் யூட்டுக்கு ஜேர்மனியில், டோட்முண்ட் நகரில் ஒரு பேக்கரியில் வேலை. முதல் நிலை ஜேர்மன் பரீட்சையில் தேறினால்தான் மனைவிக்கு விசா. ஜெசிந்தா ஒரு தடவை எழுதித் தவறிவிட்டார். அடுத்த தடவை வருகிற சனிக்கிழமை, கொழும்பில். நான் போனது புதன்கிழமை.

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் முழங்காலளவுக் கடல், நடுவில் ஒற்றை வீதி. மலையில் வளர்ந்தவளுக்கு இவ்வளவு தட்டையான உலகத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. ஐந்நூறு ரூபாத் தாளைக் கொடுத்தேன், நடத்துநர் மீதிச் சில்லறை தந்தார். வேலணைக்குப் போகிற ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியில் இருந்த மரக்கறிப் பையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

“எங்க போறீர், பிள்ளை?”

“நெடுந்தீவுக்குங்க.”

“மலைநாடோ? ‘ங்க’ போட்டுக் கதைக்கிறீர்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘போறீர்’, ‘கதைக்கிறீர்’ எல்லாம் எங்களூரில் நாடகத்தில் ராஜா மந்திரியிடம் கேட்பது. வீட்டில் யாரும் யாரையும் நீர் என்று சொல்லிக் கேட்டதில்லை. இவர் என்னைக் கேலி செய்கிறாரா, மரியாதை செய்கிறாரா என்று புரியாமலே வேலணைவரை வந்தேன். அவர் இறங்கும்போது, “கவனமாப் போட்டு வாரும்,” என்று விடைகொடுத்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். கேலி இல்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

எட்டு மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுப் படகில் பூவும் அர்ச்சனைத் தட்டுமாகக் கூட்டம் அள்ளியது. நெடுந்தீவுப் படகில் சீமெந்து மூட்டை, கோழித்தீன், இரண்டு ஆசிரியைகள், ஒரு சைக்கிள், நான். கட்டணம் நூறு ரூபா. செம்மஞ்சள் மிதவை அங்கியைக் கட்டிக்கொண்டு கீழ்த்தட்டில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரப் பயணம். அரை மணிக்குப் பிறகு என் வயிறு தன் கருத்தைச் சொல்லத் தொடங்கியது. “தூரத்தைப் பாருங்கோ, தண்ணியைப் பாராதேங்கோ,” என்றார் ஓர் ஆசிரியை. தூரத்திலும் தண்ணீர்தான் இருந்தது.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் நான் ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னதுமே, ஒரு ஓட்டோக்காரர், “டொச்சுப் படிக்கிற பிள்ளையின்ர வீடோ?” என்று கேட்டு ஏற்றிக்கொண்டார். டொச்சு என்றால் ஜேர்மன். கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கு நடுவே ஓட்டோ குலுங்கிப் போனது. சாந்து எதுவும் பூசாத கடற்பாறைக் கற்கள், ஒன்றன்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கின்றன. எப்படி விழாமல் நிற்கின்றன என்று கேட்டேன். “விழுத்தினாத்தானே விழும்,” என்றார் அவர்.

ஜெசிந்தா வாசல் படலையிலேயே நின்றார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் நனைந்த துணி. “வாங்கோ மிஸ், இருங்கோ மிஸ்,” என்று விறாந்தையில் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் கருவியை வெளியே எடுத்து விசயத்துக்கு வந்தேன்.

“நீங்க ஜேர்மன்ல பேசுறதைத்தான் நான் பதிவு பண்ணணும்.”

“டொச்சில பேச எனக்குத் தெரியாது மிஸ். தமிழில எண்டா நல்லாப் பேசுவன். வேணுமெண்டா அப்பாவைக் கேளுங்கோ.”

முற்றத்தில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த அவருடைய அப்பா ‘ஓம்’ என்று தலையாட்டினார். இங்கே பேசுவது என்றால் ஏசுவது என்று எனக்குத் தெரியாது. எங்களூரில் பேசுவதை இங்கே கதைப்பது என்கிறார்கள். வந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே, ஜேர்மனில் எனக்கு ஏசுங்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன். அதில் மூன்று பேரும் சிரித்தோம், அதன்பிறகு கருவியைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

ஆனால் ஜேர்மன் வரவில்லை. இலக்கணம் கேட்டால் எழுதிக் காட்டினார், நான் வாசித்த பந்திக்கு விடையும் சரியாகச் சொன்னார். “இப்போ என்கிட்ட ஏதாவது கேளுங்க,” என்றதும் உதடு அசைந்து நின்றுவிட்டது. போன பரீட்சையிலும் இதுதான் நடந்ததாம்.

“ரெண்டு ரெண்டு பேரா இருத்தி, ஒரு அட்டை தருவினம். அட்டையில பேனை இருந்தா, மற்ற ஆளிட்டைப் பேனை கேக்கோணும். எனக்கு வாய்ச்சது ஒரு சிஸ்டர், மிஸ். வெள்ளை உடுப்போட கன்னியாஸ்திரி. அங்க ஒரு முதியோர் இல்லத்துக்குப் போறவவாம். வகுப்பு ரீச்சர் எங்களுக்கு டூ போட்டுத்தான் பாடமாக்கித் தந்தவ. சிஸ்டரைப் பார்த்து ‘நீ பேனை தா’ எண்டு சொல்ல ஏலுமோ?”

“ஸீ போட்டிருக்கலாமே?”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டார். “ஸீ எனக்கு வராது.”

ஏன் வராது என்பதை, அப்பா கிணற்றடிக்குப் போன பிறகுதான் சொன்னார். கல்யாணம் முடிந்து, யூட் ஆறு வாரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். ஜெசிந்தா வகுப்பில் சேர்ந்து, முதன்முதல் படித்த வசனத்தை ஆசையோடு அவரிடம் தொலைபேசியில் சொன்னார்: சாப்பிட்டீர்களா? அதில் ஸீ போட்டார். தமிழில் கணவரை நீங்கள் என்றுதானே சொல்கிறார். யூட் பேக்கரியில் இருந்தார், ஒலிபெருக்கி போட்டிருந்தது. கூட வேலை செய்கிற ஜேர்மன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். வரி அலுவலகத்தில் இருந்து அழைப்பா என்று ஒருவர் கேட்டாராம். ஜேர்மனில் மனைவி கணவரை ஸீ என்றால், அந்நியரோடு கதைப்பதைப் போல.

“அதுக்குப் பிறகு அவர் சொல்லித் தந்தார், டூ சொல்லும் எண்டு. டூ எண்டா நீ. நான் அவரை நீ எண்டுறதோ? அவரும் டொச்சில கதைச்சா என்னை டூ எண்டுதான் சொல்லுறார். தமிழில ஒரு நாளும் என்னை நீ எண்டு சொன்னதில்லை, மிஸ். நீர் எண்டுதான் சொல்லுவார். அந்த நீரைக் கேக்கத்தான் நான் ரெலிபோனை எடுக்கிறது.” கண் நிறைந்துவிட்டது. “டொச்சில நீர் இல்லையாம். ரீச்சர் சொன்னவ.”

பலகையில் டூவுக்கு நேரே நீ, ஸீக்கு நேரே நீங்கள். எனக்கும் முதலாம் ஆண்டில் அப்படித்தான் எழுதிப்போட்டார்கள். எனக்கு அது உறுத்தவே இல்லை, நீக்கும் நீங்களுக்கும் நடுவே நிற்கும் ‘நீர்’ என்ற மூன்றாவது சொல் என் தமிழில் இல்லாததால். இந்தப் பெண்ணின் வாயில் அந்த மூன்றாவது சொல்தான் பூட்டாகி நிற்கிறது. நல்ல ஆய்வுப் பொருள்தான். அப்படி நினைத்ததற்காக எனக்கே என்மேல் கோபம் வந்தது. சனிக்கிழமை அவர் இப்படியே போய் உட்கார்ந்தால் மறுபடியும் வாய் திறக்காது. திருத்தாதே என்ற கட்டளையோடு நான் கருவியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, பருப்பு. அப்பா கிராமசேவகர் கந்தோருக்குப் போய்வந்த அலுப்பைச் சொன்னபோது, கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், ஜேர்மனிலும் அலுவலகத்துக்குக் கொன்டோர் என்று ஒரு சொல் உண்டு என்றேன். “அப்ப ஒல்லாந்தன் எங்களுக்கு முந்தியே பாடம் எடுத்துப்போட்டான். பிள்ளை பயப்பிடத் தேவையில்லை,” என்றார் மகளைப் பார்த்து. மகள் சிரிக்கவில்லை.

பிறகு அவர் கைகூப்பிக் கண்ணை மூடினார். ஜெசிந்தாவும் மூடினார். நான் சோற்றுக் கோப்பையில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

“ஆண்டவரே, நீர் எங்களுக்குத் தந்த இந்த உணவை ஆசீர்வதித்தருளும்.”

நீர். கோயிலுக்குப் போனால் நான் முருகனை ‘நீதான் காப்பாத்தணும்’ என்று ஒருமையில் மிரட்டுகிற ஆள். இவர்கள் கடவுளை நீர் என்கிறார்கள். அப்போதுதான் இரண்டாம் ஆண்டு வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. கருவியின் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். ஆய்வு போனால் போகட்டும்.

“ஜெசிந்தா, ஜேர்மன்காரங்க ஜெபம் பண்ணும்போது கடவுளை எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா?”

“ஸீதானே. கடவுள் எல்லோ.”

“இல்ல. டூ.”

கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். “உண்மையாவோ?”

“உண்மையா. கோயில்ல எல்லாருமா எழும்பி நின்னு டூன்னுதான் சொல்லுவாங்க. ஸீ சொன்னா கடவுளைத் தள்ளி வைக்கிற மாதிரி. டூ வெறும் நீ இல்ல. கடவுளுக்குச் சொல்லும்போது அது உங்க நீர். வீட்டுக்காரருக்குச் சொன்னாலும் அப்படித்தான்.”

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். ஜெசிந்தா வாய்க்குள் ஏதோ இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, “அப்ப சிஸ்டருக்கும் டூ சொன்னாப் பிழையில்லை,” என்றார் மெதுவாக.

“அந்த அட்டை விளையாட்டுல பிழையே இல்ல. ஸீ சொன்னாலும் பிழையில்ல. வாயைத் திறந்தாப் போதும்.”

ஒரு மணிக்குச் சற்று முன் தொலைபேசி அடித்தது. யூட்டுக்கு அங்கே காலை இடைவேளை. நான் எழுந்து முற்றத்துக்குப் போகப் பார்த்தேன், ஜெசிந்தா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். திரையில் மாவு படிந்த தொப்பியோடு ஒரு ஒல்லி மனிதர்.

ஜெசிந்தா மூச்சை இழுத்து, ஜேர்மனில் கேட்டார்: “ஹஸ்ட் டூ கெகெஸன்?”

யூட் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“என்ன சொன்னனீர்?” என்றார் யூட் தமிழில்.

“சாப்பிட்டீரோ எண்டு கேட்டனான்.”

“டூ எண்டெல்லோ சொன்னனீர்?”

“ஓம். நீர் எண்டு சொன்னனான்.”

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மாவு இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம். பிறகு ஜேர்மனில், இன்னும் சாப்பிடவில்லை, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். பாடப்புத்தகம் அந்த வசனத்தை இப்படித்தான் தமிழாக்கும். அன்று அந்த விறாந்தையில் இருந்த யாருக்கும் அது அப்படிக் கேட்டிருக்காது. நான் இந்தத் தடவை உண்மையாகவே முற்றத்துக்குப் போனேன். ஜெசிந்தாவின் அப்பா கிணற்றடியில் கைகழுவிக்கொண்டு மிக நீண்ட நேரம் நின்றார்.

இரண்டரைக்குத் திரும்பும் படகு. ஜெசிந்தா சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாவிலித்துறைக்கு வந்தார். வழிநெடுகக் கேள்வி, எல்லாம் ஜேர்மனில். வெளியில் மேயும் அந்தக் குதிரை யாருடையது? உனக்கு வெயில் சுடுகிறதா? உன் ஊரில் கடல் இருக்கிறதா? வேற்றுமை உருபுகள் பாதிக்குப் பாதி பிழை. நான் ஒன்றையும் திருத்தவில்லை. விரிவுரையாளர் சந்தோசப்படுவார், ஆனால் கருவி பைக்குள் தூங்கியது.

படகில் ஏறியதும் ஜெசிந்தா கீழே நின்று கை காட்டினார். காலையில் இருந்த ‘மிஸ்’ எங்கேயோ போய்விட்டது.

“போட்டு வாரும், என்ன?”

எனக்கு அந்தச் சொல் வாய்க்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன். “சனிக்கிழமை நல்லாக் கதைச்சிட்டு வாரும்.”

இயந்திரச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ, அவர் இடுப்பில் கைவைத்துச் சிரிப்பது மட்டும் தெரிந்தது.

கொழும்புக்குத் திரும்பி, நடந்ததை விரிவுரையாளரிடம் சொன்னேன். அந்த ஒலிப்பதிவு ஆய்வுக்கு உதவாது என்றார். சற்றுப் பொறுத்து, ஏன் உதவாது என்பதை எழுது, அதுவே உன் முதல் அத்தியாயம் என்றார். ஹட்டனுக்கு அம்மாவை அழைத்தபோது, சாப்பிட்டீரா என்று கேட்டுப் பார்த்தேன். காய்ச்சலா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது, தெரிந்ததும் கொஞ்சம் ஏக்கமாகவும் இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் முழுவதும் தொலைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தை எழுதி எழுதி அழித்தேன். இரண்டு மணிக்கு ஜெசிந்தாவின் குரல்பதிவு ஒன்று வந்தது, பின்னால் கொழும்பு வீதியின் இரைச்சலோடு. பரீட்சை முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும். இந்தத் தடவை பக்கத்தில் வாய்த்தவர் தன் அப்பா வயதில் ஒருவர், அவரிடம் பேனையும் கேட்டு, தண்ணீரும் கேட்டு, அவர் தடுமாறியபோது ஜெசிந்தாவே சொல் எடுத்தும் கொடுத்தாராம். கடைசியில் மட்டும் ஜேர்மனுக்கு மாறியிருந்தார்.

“இஹ் பின் ஃபெர்டிஷ். உண்ட் டூ?”

நான் முடிச்சிட்டன். நீர்?

இன்னும் இல்லை என்று பதில் எழுதிவிட்டு, முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.